ஒன்றுக்கு நூற்றறுபது

உத்திரமேரூரில் எங்கள் தெருவில் டைபாய்டு வராத ஆளே கிடையாது. எனக்கு மூன்று தடவை வந்திருக்கிறது, என் மனைவிக்கு நான்கு தடவை. எல்லாம் லேப் பேப்பரில்தான். பஜாரில் நின்றுகொண்டு காய்ச்சலடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் "டைபாய்டு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். சிலருக்கு அது ஒரு பெருமை. "எனக்கு வருசா வருசம் டைபாய்டு வந்துடும்பா" என்று ஊர்த் திருவிழாவைச் சொல்கிற மாதிரி சொல்வார்கள்.

இத்தனை டைபாய்டையும் கண்டுபிடித்துக் கொடுத்தவள் தாஜுன்னிசா. அவளுடைய ரத்தப் பரிசோதனை லேபும் என் மருந்துக் கடையும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் சீட்டு நீட்டுகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. முன்பக்கம் டாக்டரின் கிளினிக். டாக்டர் சீட்டு எழுதுவார், அவள் ரத்தம் எடுப்பாள், நான் ஊசி மருந்து எடுத்துக் கொடுப்பேன். இருபது வருஷமாக இந்த ஊர்க் காய்ச்சல் எங்கள் மூன்று பேர் கையில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. என் பெயர் முனிரத்தினம். இந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி, அதனால் யாரையும் ரொம்பத் திட்ட மாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.

தாஜு, காதர் பாயின் மகள். பஜாரில் தார்ப்பாய், நைலான் கயிறு, பிளாஸ்டிக் குடம் விற்ற காதர் பாய். பன்னிரண்டாவது முடித்ததும் அவளை காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் அனுப்பி லேப் டெக்னீசியன் படிப்பு படிக்க வைத்தார். பொம்பளைப் பிள்ளையை ரத்தம் எடுக்கவா படிக்க வைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "ஊர்ல பாதிப் பேரு சொல்லாம உறிஞ்சறான். எம் பொண்ணு சொல்லிட்டு எடுக்கும்" என்றாராம். கல்யாணமான பிறகும் அவள் வேலையை விடவில்லை. புருஷன் ஜமீர் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில் இருப்பான். ஒரே பெண் இக்ரா ஒன்பதாவது படிக்கிறாள்.

கைராசிக்காரி என்று அவளைச் சொல்வார்கள். நரம்பே தெரியாத வயசாளிகளுக்கும் ஒரே குத்தில் ரத்தம் வந்துவிடும். வாய்தான் நீளம். கையை இறுக்கிக்கொள்கிற ஆளிடம், "கைய லூசா வுடு. ஒன் சொத்தயா எழுதி வாங்கப் போறேன்?" என்பாள். அவர்கள் சிரிக்கிற நேரத்தில் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

அந்த டைபாய்டு டெஸ்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு சொட்டு விடுவார்கள். அதன்மேல் சின்ன பாட்டிலிலிருந்து மருந்து ஒரு சொட்டு. ஒரு பாட்டில் நீலம், இன்னொன்று சிவப்பு. தகட்டை ஒரு நிமிஷம் மெதுவாக ஆட்டினால் சில பேர் ரத்தம் மணல் மணலாகத் திரியும், சில பேருக்குத் திரியாது. திரிந்தால், அதை இன்னும் எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் திரிகிறது என்று பார்த்து ஓர் எண் போடுவார்கள். ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூற்றறுபது என்று. நூற்றறுபது வந்துவிட்டால் பேப்பரில் பாசிட்டிவ், டாக்டர் மேஜையில் டைபாய்டு, என் கடையில் ஐந்து நாள் ஊசி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் புதுசாக வந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்கு வேறு ரத்தம் இல்லாமல், தாஜு தன் ரத்தத்தையே எடுத்துச் சொட்டு விட்டிருக்கிறாள். ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது.

"முனிண்ணே, எனக்கு டைபாய்டு."

"எத்தினி நாளா காய்ச்சல்?"

"காய்ச்சலே இல்ல ணே. அதான் பேஜாரா கீது."

வேறு யாராவது என்றால் அன்றைக்கே மறந்திருப்பார்கள். இவள் விடவில்லை. சர்க்கரை பார்க்க வந்தவர்கள், கர்ப்பத்துக்குப் பார்க்க வந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்த பையன்கள், இப்படிக் காய்ச்சலே இல்லாத அறுபது பேரின் மிச்ச ரத்தத்தை, பெயர் எழுதாமல், ஒரு மாதம் சொட்டு விட்டுப் பார்த்தாள். அறுபதில் இருபது திரிந்தது. நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குகிற ஜனத்தில் மூன்றில் ஒருத்தருக்கு டைபாய்டு! எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிருமி எப்போதாவது ஒரு முறை வந்து போயிருக்கும், வேறு காய்ச்சல்களும் ரத்தத்தை அப்படித் திரிய வைக்கும், ரத்தம் பழசை மறக்காது என்று அவள் எனக்கு விளக்கினாள்.

அதோடு நிறுத்தவில்லை. என் கல்லாப் பலகையில் ஒரு டப்பா பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைக் கொட்டி நூறை எண்ணிப் பரப்பினாள்.

"காய்ச்சல்னு நூறு பேரு வராங்கன்னு வச்சிக்க. நெசமா டைபாய்டு எத்தினி பேருக்குக் கீது? பெரிய ஆஸ்பத்திரில ரத்தத்துல கிருமிய வளத்துப் பாத்து சொல்றாங்களே, அப்படிப் பாத்தா அஞ்சு பேரு தேறுவான்." ஐந்து மாத்திரையைத் தனியே தள்ளினாள். "இந்த அஞ்சுல நாலு பேர என் டெஸ்ட்டு புடிச்சிடும். சரியா? மீதி தொண்ணூத்தஞ்சு பேரு கீறாங்களே. ஒண்ணுமில்லாதவன் ரத்தமே மூணுல ஒண்ணு திரியுது. அப்ப இதுல முப்பது பேருக்குத் திரியும்." முப்பதை எண்ணி அந்த நாலோடு சேர்த்தாள். "முப்பத்தி நாலு பேருக்கு டைபாய்டுன்னு நான் எழுதிக் குடுக்கறேன். நெசம் நாலு. பத்துப் பேப்பரு எழுதனா ஒம்போது பொய்யி ணே, கிட்டத்தட்ட."

"அப்ப ஏன் ஒருத்தனும் சண்டைக்கு வரல?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

"ஏன் வருவான்? மீதிப் பேருக்கு வந்தது சும்மா காய்ச்சல். அஞ்சு நாள்ல அதுவா போவும். நம்ம ஊசியும் அஞ்சு நாளு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேப்பர் டைபாய்டு என்றது, ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. இதில் எவன் சந்தேகப்படுவான்? சொன்னதெல்லாம் பலிக்கிற ஜோசியக்காரனாக அந்த டெஸ்ட் இருபது வருஷம் தோற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். டாக்டர் கெட்டவர் இல்லை. இந்த ஊரில் மழையிலும் கிளினிக் திறக்கிற மனுஷன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது எங்க புஸ்தகத்துலயே இருக்கு தாஜு. ஆனா காய்ச்சலுக்கு ஒரு பேரு சொல்லலன்னா அவன் பக்கத்துக் கிளினிக்குக்குப் போயிடுவான். அங்கயும் இதே டெஸ்ட்டுதான்" என்றார். இந்தப் பரிசோதனை மட்டுமே டைபாய்டை உறுதி செய்யாது என்று பேப்பருக்கு அடியில் ஒரு வரி அச்சடிக்கலாமா என்று கேட்டாள். ஜனங்கள் குழம்பிவிடுவார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள். அவள் வயிற்றுப் பிழைப்பும் அந்தக் கண்ணாடித் தகட்டில்தான் இருந்தது. ஆனால் பேப்பரை ஓட்டை வழியாக நீட்டும்போது ஒரு கோணல் சிரிப்பு சிரிப்பாள். "இன்னொரு நூத்தியறுவது ணே. எடு ஊசிய." நானும் சிரிப்பேன். ஆறு வருஷம் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

செங்கேணி வந்தது போன கார்த்திகையில். சாலவாக்கம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற இருளர் குடியிருப்பில் அவள் வீடு. வயது இருபத்தேழு. அவளும் புருஷன் சடையப்பனும் வேலிக்காத்தான் முள் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற வேலை. மழை விட்டதும் புதரெல்லாம் தழைத்து நிற்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதற்குள்தான் நிற்பது, அங்கேயே புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவது. பெண் அபிநயா வயிற்றில் இருந்தபோதிலிருந்து தாஜுவிடம்தான் ரத்தம் கொடுப்பாள். ஈச்சம்பழக் காலத்தில் ஒரு பை கொண்டுவந்து லேப் மேஜையில் வைத்துவிட்டு, நன்றி கின்றி சொல்ல விடாமல் ஓடிவிடுவாள்.

அன்றைக்கு ஆறு நாள் காய்ச்சலோடு வந்தாள். தலை பிளக்கிறது, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலிக்கிறது என்றாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளே கையை நீட்டினாள்.

"அக்கா, டைபாய்டு கீதான்னு பாத்துடு."

தாஜு பார்த்தாள். ஒன்றுக்கு நூற்றறுபது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், முதுகில் ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெத்தை வைத்தார், பேப்பரைப் பார்த்தார். நான் ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று மட்டும் தாஜு அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சிரித்தாள். நானும்தான்.

மூன்றாவது ஊசிக்கு வந்தபோதும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர், ரத்தத்தில் தட்டணு குறைகிறதா என்று பார்க்கச் சொல்லி மறுபடி லேபுக்கு அனுப்பினார். தாஜு ரத்தம் எடுக்கக் கையில் பட்டை கட்டும்போதே செங்கேணிக்குக் கண் இருட்டிவிட்டது. அவளைப் பெஞ்சில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, மூச்சு விடட்டும் என்று பாவாடை நாடாவைத் தளர்த்தினாள் தாஜு. இடுப்பின் வலது பக்கம், நாடா பதிந்த தடத்திலேயே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுத்த பொருக்கு இருந்தது.

"இன்னாடி இது?"

"நாடா புண்ணுக்கா. எப்பவும் கீறதுதான்."

வயலிலும் கரி மூட்டத்திலும் வேலை செய்கிற பெண்களின் இடுப்பை என் மனைவி எனக்குப் பிறகு விளக்கினாள். குனிந்து வெட்டும்போது அவிழக் கூடாது என்று நாடாவை இறுக்கிக் கட்டி, அதன்மேல் துண்டையும் கட்டிக்கொள்வார்கள். வேர்வை, உராய்வு, கரித்தூள். வருஷக்கணக்கில் அந்த இடம் தடித்துக் கறுத்து, அவ்வப்போது புண்ணாகிப் பொருக்குத் தட்டும். எல்லாப் பெண்களுக்கும் உண்டு. யாரும் அதை ஒரு நோயாக நினைப்பதில்லை. தாஜுவுக்கும் அந்தத் தழும்பு இருந்ததாம். ஒரு ஆண் பிள்ளை பார்த்திருந்தால் இதென்ன என்று கேட்டிருப்பானோ என்னவோ. ஆனால் டாக்டர் இருபது வருஷத்தில் ஒரு பெண்ணின் இடுப்பைப் பார்த்ததில்லை. பார்க்க விட்டவர்களும் இல்லை.

"வலிக்குதா?" என்று தாஜு கேட்டிருக்கிறாள்.

"இல்லக்கா. அது பாட்டுக்குக் கீது."

நாடா புண் எரியும். துணி பட்டாலே உயிர் போகும். இது வலிக்கவில்லை. இதைத் தாஜு கவனித்தாள். கவனித்தேன் என்று அவளே என்னிடம் சொன்னாள். காஞ்சிபுரத்தில் ஒரு நாள் பயிற்சியில் திரையில் இதே மாதிரி ஒரு கறுத்த பொருக்கின் படத்தையும் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தில் இருந்தது வெள்ளைத் தோல். கொள்ளிக்கட்டையால் சுட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்ததாம். செங்கேணியின் கறுத்த இடுப்பில், கரித்தூளுக்கும் நாடாத் தழும்புக்கும் நடுவில், அது படத்தில் பார்த்ததாகத் தோன்றவே இல்லை.

ஓட்டை வழியாகக் கை நீண்டது. "புண்ணுக்கு ஒரு ஆயின்மென்ட் குடு ணே."

"இன்னா புண்ணு?"

"பொம்பளைங்க சமாச்சாரம். குடேன்."

கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் செங்கேணியால் நடக்க முடியவில்லை. சடையப்பன் ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தான். கண் மஞ்சளாக இருந்தது, மூச்சு இரைத்தது. டாக்டர் பார்த்ததும் முகம் மாறி, அவரே 108-ஐ அழைத்துச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் தாஜு லேபைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

அங்கே சேர்த்த ஒரு மணி நேரத்தில் ஒரு இளம் பெண் டாக்டர் போர்வையை விலக்கி உடம்பு முழுக்கத் தேடியிருக்கிறார். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, கடைசியில் இடுப்பு. அந்தப் பொருக்கைக் கண்டதும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடம் வலிக்காமல் கருகிப்போகும். டைபாய்டுக்குப் போடுகிற ஊசி இதை ஒன்றும் செய்யாது. செய்கிற மாத்திரை ஒன்று உண்டு. அதை உடனே கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுவிட்டிருந்தன. இரண்டாம் நாள் மதியம் செங்கேணி செத்துப்போனாள்.

அந்த மாத்திரை என் கடையில் மூன்றாவது தட்டில் இருந்தது. முகப்பருவுக்குக்கூட வாங்கிப் போவார்கள். செங்கேணிக்கு ஊசி மருந்து எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு நாளும் என் முழங்கை அந்த டப்பாவை உரசியிருக்கும்.

தாஜு திரும்பி வந்ததும் கடைக்குள்ளேயே வந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"டாக்டர வுடு, ஒன்ன வுடு. அந்தப் பேப்பரு பத்துல ஒம்போது பொய்யின்னு இந்த ஊர்லயே எண்ணிப் பாத்தவ நான் ஒருத்திதான். அந்தப் புண்ணு வலிக்கலன்னு சொன்னப்ப மனசுல சுருக்குன்னுச்சு ணே. அடுத்த நிமிசமே, அதான் டைபாய்டுன்னு தெரிஞ்சிடுச்சேன்னு வுட்டுட்டேன். பொய்யின்னு தெரிஞ்சே நானும் அத்த நம்பிட்டேன். விடை வந்துட்டுதுன்னு கண்ண மூடிக்கினேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தப்பான பதில் ஒன்று கையில் இருந்தால் சரியான பதிலை யாரும் தேடுவதில்லை. இது தெரிந்துகொள்ள ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. என்ன காய்ச்சலென்று தெரியவில்லை என்று டாக்டர் அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட, அந்தப் பெண்ணை ஆறாம் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம்.

இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "டைபாய்டு பாசிட்டிவ் இருந்துச்சு. நான் என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றார்.

"அது ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு உங்களுக்கும் தெரியும் சார். எனக்கும் தெரியும்" என்றாள் தாஜு.

"கையெழுத்து உன்னுது" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலமே அவர் எழுதி அனுப்பிய சீட்டில் அதே டெஸ்ட் இருந்தது.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று தாஜு நான்கு நாள் சொன்னாள். ஐந்தாம் நாள் வந்து லேபைத் திறந்தாள். இக்ராவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜமீரின் லாரி பழுதாகி வேலூரில் நிற்கிறது. வேறு எங்கே போவாள்?

பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு லோடு ஆட்டோ கிளினிக் வாசலில் வந்து நின்றது. செங்கேணியின் குடியிருப்பே அதில் இருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இருபத்து நான்கு பேர். முன்னால் சடையப்பன், அபிநயாவைத் தோளில் போட்டுக்கொண்டு. எல்லோருக்கும் டைபாய்டு பார்க்க வேண்டும் என்றான். டாக்டர் வரக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. நேராக லேபுக்கு வந்துவிட்டார்கள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய் நின்றேன்.

"யாருக்குன்னா காய்ச்சல் அடிக்குதா?" என்று தாஜு கேட்டாள்.

"ஒருத்தருக்கும் இல்ல. வர்றதுக்குள்ள பாத்துடணும்" என்றான் சடையப்பன். "அவள அடிச்ச டைபாய்டு எங்க ஒடம்புலயும் பூந்துக்கினு கீதான்னு தெரியணும். இந்தக் கொயந்தைக்காவது தெரியணும்."

"செங்கேணி டைபாய்டுல சாவல சடையப்பா. அது பூச்சிக் கடி. இடுப்புல இருந்திச்சே ஒரு புண்ணு, அதான். செங்கல்பட்டுல சொல்லலியா?"

"அங்க ஏதேதோ சொன்னாங்க." சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து அவள் முன்னால் விரித்தான். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. "டைபாய்டுன்னு நீதானேக்கா எழுதிக் குடுத்த? நீ பொய்யா எழுதுவ?"

தாஜு அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏதோ முடிவுக்கு வந்தவளாக நிமிர்ந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். எனக்கு மாத்திரையைப் பரப்பிக் காட்டிப் புரிய வைத்த மாதிரி இவர்களுக்கும் கண்ணால் காட்டிவிடலாம். நோயே இல்லாதவன் ரத்தமும் திரிகிறது என்று பார்த்துவிட்டால் அந்தப் பேப்பரின்மேல் இருக்கிற பயம் போய்விடும். நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தால் உடம்பில் புண் தேடுவார்கள்.

"சரி. எல்லாரும் வரிசையா உக்காருங்க" என்றாள்.

இருபத்து நான்கு பேருக்கும் எடுத்தாள். பதினோரு மணி ஆகிவிட்டது. தகடுகளை மேஜையில் வரிசையாக வைத்து, டியூப்லைட்டுக்கு அடியில் சடையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எட்டுப் பேருடையது திரிந்திருந்தது. முள் வெட்டப் போகிற தடியன்கள் இரண்டு பேர், பால் கொடுக்கிற ஒரு பெண். கடைசித் தகடு அபிநயாவுடையது. அதுவும் மணல் மணலாக இருந்தது.

சடையப்பன் குழந்தையை இறுக்கிக்கொண்டான். "கீதா? இதுக்கும் கீதா?"

"பயப்படாத, நான் சொல்றத கேளு. கொயந்த நல்லா கீதில்ல? ஓடுது, சாப்புடுது. அதுக்கு ஒண்ணுமில்ல. இந்த டெஸ்ட்டு இப்படித்தான். இந்த எட்டுப் பேருக்கும் டைபாய்டு கெடையாது. என் ரத்தத்த வுட்டாலும் இப்படித்தான் திரியும், தெரியுமா? இந்த ஊர்ல மூணுல ஒருத்தருக்கு இப்படி கீது. இது திரியறத வச்சிக்கினு ஒண்ணுமே சொல்ல முடியாது. ஊசி கீசி ஒண்ணும் வாணாம். வூட்டுக்குப் போங்க."

அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சடையப்பன் எட்டுத் தகடுகளையும் குனிந்து திரும்பத் திரும்பப் பார்த்தான். குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். படிக்காதவன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, டாக்டருக்குப் புரிந்தும் புரியாத மாதிரி இருந்த விஷயம், அரை நிமிஷத்தில் முழுசாகப் புரிந்துவிட்டது. அவன் முகத்திலிருந்து பயம் போனதை நான் பார்த்தேன்.

"அப்ப இது எல்லாருக்கும் கீறதுதான்."

"ஆமா."

"ஒனக்கு இது மின்னாடியே தெரியும்."

தாஜு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப செங்கேணிக்கு மட்டும் ஏங்க்கா அஞ்சு நாளு ஊசி போட்டீங்க?"

அவன் சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். வெளியே டாக்டரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. லோடு ஆட்டோக்காரன் நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்தான். அவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்ட பிறகும் சடையப்பன் குழந்தையோடு அந்த மேஜைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.